பானைக் கீறலும் இருட்டறையும்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். வெயிலில் ஆற்றங்கரைப் பக்கம் கொஞ்ச நாள் போகாதே. இங்கே மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. வீடு முழுக்கப் பிரசவ லேகிய வாசம். ராத்திரித் தூக்கம் யாருக்கும் இல்லை, ஆனாலும் எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

நீ அனுப்பிய பானை ஓட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு சிவப்பு ஓட்டில் அந்த ஏணி மாதிரிக் கீறல் அழகு. “இது சிந்துவெளிக் குறியேதான் என்று என் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நான் தமிழ்ப் பித்தன். என் கண்ணை நான் நம்பலாமா?” என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளாக நீ இருப்பதே எனக்குப் பெருமை. அதனால் பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன்: நம்பாதே.

பிரான்சில் நான்சி என்றொரு நகரம். அங்கே பேராசிரியராக இருந்த ரெனே பிளாண்ட்லோ, 1903இல் ஒரு புதுக் கதிரைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஊர்ப் பெயரின் முதல் ஆங்கில எழுத்தான N-ஐ வைத்து அதற்கு ‘என்-கதிர்’ என்று பெயர். ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டு எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அடுத்த கதிர் எங்கிருந்து வரும் என்று எல்லோரும் காத்திருந்த காலம். பிளாண்ட்லோவின் முறை இதுதான்: இருட்டறையில், மங்கலாக ஒளிரும் ஒரு திரையைப் பார்க்க வேண்டும். கதிர் பட்டால் அது இம்மியளவு பிரகாசமாகும். நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, கண்ணைச் சிரமப்படுத்தக் கூடாது, பழக வேண்டும் என்று குறிப்பும் கொடுத்திருந்தார். பழகியவர்களுக்குத் தெரிந்தது! பிரான்சில் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள், கட்டுரை எழுதினார்கள். மனித நரம்பிலிருந்தும் தசையிலிருந்தும் அந்தக் கதிர் வருவதாகக்கூட ஒருவர் எழுதினார். ஆனால் பிரிட்டனில் கெல்வின், ஜெர்மனியில் ரூபென்ஸ் போன்ற இயற்பியலாளர்களுக்குத் தெரியவே இல்லை.

1904இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட் நான்சிக்கே போனார். அலுமினியப் பட்டகம் ஒன்று கதிரைப் பிரிக்கிறது என்று சொல்லி, பிரிந்த கோடுகள் எந்தெந்த இடத்தில் விழுகின்றன என்று பிளாண்ட்லோ இருட்டில் வாசித்துக் காட்டினார். உட் சத்தமில்லாமல் அந்தப் பட்டகத்தை எடுத்துவிட்டார். வாசிப்பு மாறவே இல்லை. அதே கோடுகள், அதே இடங்கள். செப்டம்பர் 29 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் இது வெளியானதும் வெளிநாடுகளில் என்-கதிர் பேச்சு அடங்கிப்போனது.

இதில் நீ கவனிக்க வேண்டியது, பிளாண்ட்லோ புரட்டுக்காரர் இல்லை. மின்னலைகளின் வேகத்தைக் கவனமாக அளந்து பேர் வாங்கியவர். தான் கண்டதாகச் சொன்னதை அவர் உண்மையிலேயே கண்டார். அப்படிப்பட்டவரிடம் போய் ‘விருப்பு வெறுப்பு இல்லாமல் பாருங்கள்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படித்தானே பார்க்கிறேன் என்றிருப்பார். பிறகு ஒரு பிரெஞ்சு இதழ், மூடிய இரண்டு பெட்டிகளில் எதிலிருந்து கதிர் வருகிறது என்று கண்டுசொல்லும்படி அவரை அழைத்தபோது மறுத்துவிட்டார். எனக்கு வருத்தம் தருவது அந்த மறுப்புதான். கண் ஏமாந்ததைக் குற்றமாக நினைக்க எனக்கு மனமில்லை.

ஆக, மனவைராக்கியத்தால் மட்டும் சார்பைத் தாண்ட முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நம் விருப்பம் கை வைக்க முடியாதபடி வேலையை அமைத்துக்கொள்ளலாம். டார்வின் தன் முடிவுக்கு ஒத்துவராத தகவல் எதைக் கண்டாலும் உடனே எழுதிவைத்துவிடுவார். சாதகமானதைவிட அதுதான் சீக்கிரம் மறந்துபோகிறது என்பது அவருடைய அனுபவம். விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலைகளைத் தேடிய லைகோ என்ற ஆய்வுக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. 2010 செப்டம்பரில் அவர்கள் கருவியில் ஒரு சமிக்ஞை வந்தது. மாதக்கணக்கில் அலசி, கட்டுரையையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் ரகசியத்தை மூடி வைத்திருந்த உறையைப் பிரித்தால், அது குழுவிலேயே சிலர் ரகசியமாகச் செலுத்திய போலிச் சமிக்ஞை! இப்படி ஒன்று வரலாம் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும், சம்மதித்துத்தான் வேலை செய்தார்கள். 2015இல் உண்மையான அலை வந்தபோது முதலில் எழுந்த கேள்வியே, இதுவும் நாமே செலுத்தியதா என்பதுதான்.

நம் ஊரிலும் இது நடக்காமல் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் சிவகளை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளை, காலம் கணிக்க அமெரிக்கா, லக்னோ, அகமதாபாத் என்று வெவ்வேறு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே அளப்பவருக்குத் தமிழ்மேல் காதலும் வேண்டாம், பகையும் வேண்டாம். கீறல் விஷயம் அப்படி இல்லை. அங்கே அளவுகோல் நம் கண்தான். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977இல் தொகுத்த பட்டியலில் 417 சிந்துவெளிக் குறிகள். அம்பு, மீன், ஏணி, குறுக்குக் கோடு என்று எளிய வடிவங்கள் அதில் நிறைய. 417 வடிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் எந்தக் கீறலுக்கும் ஏதோ ஒரு ஜோடி கிடைக்கும்.

அதனால் ஒன்று செய். உன் ஓட்டுக் கீறல்களை ஒரே அளவு அட்டைகளில் வரையச் சொல். கூடவே மாட்டுச் சூட்டுக்குறி, சலவைக்குறி, வேறு நாட்டுப் பானைக் குறி என்று அதே எண்ணிக்கையில் அட்டைகள் போட்டுக் கலக்கச் சொல். எது எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியவே கூடாது. எவ்வளவு ஒத்திருந்தால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வாய் என்பதை அட்டையைத் தொடுமுன் எழுதிவைத்துவிடு. அப்புறம் உட்கார்ந்து ஜோடி சேர். ஓட்டுக் கீறல்கள் மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகம் பொருந்தினால், உன் கட்டுரைக்கு முதல் ஆளாக நான் கைதட்டுவேன். மாட்டுக்குறியும் அதே அளவு பொருந்தினால், அதையும் கட்டுரையில் போட்டுவிடு.

இதே அட்டைக்கட்டை ‘தமிழுக்கும் சிந்துவெளிக்கும் சம்பந்தமே இல்லை’ என்று சாதிக்கிற உன் மைத்துனரிடமும் கொடு. சம்பந்தம் இருந்துவிடக் கூடாதே என்கிற தவிப்பும் தவிப்புதான். அதற்கு நடுநிலை என்று பேர் வைத்துக்கொள்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

தமிழ்ப் பித்தை விட்டுவிடு என்று மட்டும் நான் சொல்லவே மாட்டேன். அது இல்லாவிட்டால் இந்த வயதில் யார் கரையோரம் குனிந்து ஓடு தேடப் போகிறார்கள்?

அட்டை வரைய என் மருமகனிடம் சொல்லிவிட்டேன், அவன் கை சுத்தமான கை. கீறல் படங்களை உனக்குத் தெரியாமல் அவனுக்கு அனுப்ப உன் மகளிடம் சொல். பொங்கல் கழிந்து கட்டோடு வருகிறேன். அதற்குள் டாக்டர் உன்னைப் படிக்கவிட வேண்டும்.

உன் பழைய அறைத்தோழன்