சிபியு நேரத்துக்குக் கட்டணம் விதிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மெயின்பிரேம் கணினி மையங்களின் கட்டணப் பிரிவு மேலாளர்களுக்கு,

வணக்கம். ஒரு வரிகூட மாறாத கோபோல் நிரல், அதே ஜேசிஎல் (நிரலை எப்படி ஓட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் குறிப்பு), அதே உள்ளீட்டுக் கோப்பு. ஆனால் சிபியு நேரம், அதாவது செயலி அதற்காகச் செலவிட்ட நேரம், மட்டும் நேற்றைவிடக் கூடியிருக்கிறது என்றால், உடனே நிரலை எழுதியவரிடம் விளக்கம் கேட்கும் வழக்கத்தைத் தாங்கள் கைவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

டிஸ்க்கிலிருந்து தரவு வரும்வரை ஒரு ஜாப் (கணினியிடம் ஓட்டக் கொடுத்த வேலை) காத்திருந்தால், அது செயலியை விட்டு இறங்கிவிடுவதால் அந்த நேரம் சிபியு கணக்கில் சேராது. ஆனால் வேண்டிய தரவு, செயலியை ஒட்டிய சிறிய, வேகமான நினைவகமான கேஷில் இல்லாமல், முதன்மை நினைவகத்திலிருந்து வரும்வரை செயலி சும்மா நிற்கும் நேரம் முழுவதும் அந்த ஜாபின் தலையிலேயே ஏறுகிறது. 2022இல் வெளிவந்த ஐபிஎம் இசட்16 இயந்திரத்தில் சிப்பிலுள்ள ஒவ்வொரு கோருக்கும் (தனித்து இயங்கும் செயலி அலகு) 32 எம்பி இரண்டாம் நிலை கேஷ் உண்டு. அது போதாதபோது, அதே சிப்பிலுள்ள மற்றக் கோர்களின் கேஷில் காலியாக உள்ள இடத்தை மூன்றாம் நிலை கேஷாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே பக்கத்துக் கோரில் யாருடைய வேலை எவ்வளவு மும்முரமாக ஓடுகிறது என்பதைப் பொறுத்தே நம் ஜாபுக்கு அந்த இடம் கிடைக்கும். மாதக் கடைசி இரவில், ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளும் தனித்தனிப் பிரிவுகளான எல்பார்கள் எல்லாம் நிரம்பி வழியும்போது, நிரலில் எந்தக் குற்றமும் இல்லாமலேயே விநாடிகள் கூடுகின்றன. ஒரு மையத்தில் இப்படிக் கூடிய நேரத்துக்கு, இல்லாத பிழையைத் தேடி ஒரு நிரலாளர் அலைக்கழிக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன், அது நியாயமில்லை.

ஜாவா ஜாப்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜாவா போன்ற வேலைகளுக்கென உள்ள, கட்டணக் கணக்கில் சேராத ஜிப் (zIIP) செயலிகள் நெருக்கடியில் இருந்தால், அவற்றில் ஓட வேண்டிய வேலை பொதுச் செயலிக்கு வழிந்துவிடும். மொத்த வேலை அதேதான் என்றாலும் கட்டணத்துக்குரிய நேரம் உயர்ந்துவிடும். இப்படி வழிந்த நேரம், ஒவ்வொரு ஜாபின் பயன்பாட்டையும் கணினி எழுதிவைக்கும் எஸ்எம்எஃப் 30 பதிவில் தனியாகவே குறிக்கப்படுகிறது என்பதால், அதைக் கழித்துப் பார்ப்பது கடினமன்று.

அதே எஸ்எம்எஃப் 30 பதிவில், உரிய அமைப்பை இயக்கி வைத்தால், ஜாபுக்காகச் செயலி நிறைவேற்றிய இயந்திரக் கட்டளைகளின் எண்ணிக்கையும் கிடைக்கும். என் வேண்டுகோளின் மையமே இதுதான். கட்டளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறாமலிருந்து நேரம் மட்டும் கூடியிருந்தால், செயலியும் கேஷும் இயங்கிய விதத்தைக் காட்டும் எஸ்எம்எஃப் 113 பதிவுகளைக் கொண்டு இயந்திரத்தின் நிலையை ஆராயுங்கள். எண்ணிக்கையே கூடியிருந்தால் தரவையும் நிரலையும் பாருங்கள், அப்போது நிரலாளரைக் கேட்பதிலும் பொருள் உண்டு. ஒப்பந்தங்களிலும் ஒற்றை ஓட்டத்தின் நேரத்தை வரம்பாக வைக்காமல், மாதக் கடைசி இரவுகளையும் உள்ளடக்கிய பல ஓட்டங்களின் இடைநிலை அளவை வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம்ஸ் புரோகிராமர்