காசு கொடுத்தும் கைக்கு வராதவை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் புத்தகம் படிக்க ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான். வீட்டிலிருந்தே வேலை என்பதால் பகலிலும் அவனோடு நாலு வார்த்தை பேச முடிகிறது.

சரி, கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். தொழில்நுட்பத்தில் அரசாங்கம் கை வைக்காமல் இருந்தாலே போதும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்கிறாய். இணையத்தில் யாராவது இப்படிச் சொன்னால் பேசாமல் கடந்துபோய்விடுவேன். நீ சொன்னதை அப்படி விட மனமில்லை.

உன் வாதத்தில் நியாயம் இருக்கிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'குக்கீகளை ஏற்கிறீர்களா' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறதே (குக்கீ என்பது நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் நம் கணினியில் போடும் சிறு கோப்பு), அது ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் திருத்திய ஒரு விதியின் விளைவு. நோக்கம் நல்லதுதான். ஆனால் நாம் பழகிக்கொண்டதெல்லாம் படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்துவதைத்தான். அதே ஒன்றியம் சார்ஜர் விஷயத்தில் செய்ததையும் பார். 2022-ல் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கிற புதிய கைபேசிகள் எல்லாம் யூஎஸ்பி-சி முறையில் சார்ஜ் ஏறவேண்டும் என்றார்கள். புதுமையை முடக்கிவிடும் என்று ஆப்பிள் எதிர்த்தது. கடைசியில் 2023-ல் ஐபோன் 15 வந்தபோதே மாறிவிட்டது. புதுமை ஒன்றும் நின்றுபோகவில்லை. கேபிள் தேடும் தொல்லைதான் குறைந்தது. குக்கீ விதி பயனர் தலையில் ஒவ்வொரு முறையும் ஒரு முடிவைச் சுமத்தியது. சார்ஜர் விதி பொறுப்பைத் தயாரிப்பவர் மேல் வைத்தது. ஒன்று சலிப்பில் முடிந்ததற்கும் இன்னொன்று பலித்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அரசாங்கம் ஒதுங்கியிருக்கட்டும் என்கிறாயே, அது எப்போது ஒதுங்கியிருந்தது?

போன மாதம், ஓர் இணையக் கடையில் நான் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த ஆவணப்படங்கள் என் பட்டியலிலிருந்து காணாமல் போயின. கேட்டதற்கு, படத் தயாரிப்பாளரோடு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று ஒரு வரிப் பதில். பணமும் திரும்ப வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இன்னும் அடங்கவில்லை. வாங்கியபோதே என் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அங்கேதான் சட்டம் நிற்கிறது. அமெரிக்காவில் 1998-ல் வந்த டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பிரதி எடுக்க முடியாதபடி ஒரு கோப்பின் மேல் போட்டிருக்கிற டிஜிட்டல் பூட்டை உடைப்பதே பொதுவாகச் சட்டவிரோதம். நான் காசு கொடுத்த படம், நான் மட்டுமே பார்க்கப்போகிறேன் என்றாலும் பூட்டை உடைக்கக் கூடாது. பல நாடுகளில் இதே மாதிரியான விதிகள் வந்துவிட்டன. ஆக, நிறுவனத்தின் பூட்டுக்கு அரசாங்கம் ஏற்கெனவே காவல் நிற்கிறது. அதை யாரும் தலையீடு என்று சொல்வதில்லை. வாங்கியவனுக்காக ஒரு விதி கேட்டால் மட்டும் சந்தையைக் கெடுக்காதே என்கிறார்கள். சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே இங்கே இல்லை நண்பா. இருக்கிற சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

அச்சுப் புத்தகக் காலத்திலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ஒரு நாவலின் உள்பக்கத்தில், இதை 1 டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டது. மேசீஸ் கடைக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பிரதியை விற்றுவிட்ட பிறகு, அதை வாங்கியவர் என்ன விலைக்கு விற்கிறார் என்பதில் பதிப்பகத்துக்கு உரிமை கிடையாது என்று 1908-ல் தீர்ப்பு வந்தது. அங்கே பழைய புத்தகக் கடைகளும் நூலகங்களும் யாரிடமும் அனுமதி கேட்காமல் நடப்பதற்கு இந்தக் கொள்கைதான் அடிப்படை. இன்று அதே உள்பக்க அறிவிப்பு, யாரும் படிக்காத நிபந்தனைகளாக உருமாறித் திரும்பி வந்திருக்கிறது. அப்போது நீதிமன்றத்தில் தோற்ற விஷயம் இப்போது ஓர் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானில் ஜெயித்துவிடுகிறது.

எப்போதோ ஒரு முறை நடக்கிற விஷயம் என்றும் தள்ளிவிட முடியாது. 2009-ல் அமேசான், ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களை வாடிக்கையாளர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவிகளிலிருந்தே அழித்தது. அவற்றை அமேசான் கடையில் விற்பனைக்கு வைத்த பதிப்பாளருக்கு அதற்கான உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வீட்டுக்குள் இருக்கிற புத்தகத்தை வெளியிலிருந்து எடுத்துவிட முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகங்கள் எல்லாம் திறக்காமல் போயின. அங்கேயும் பணம் திரும்பி வந்தது, புத்தகம்தான் போய்விட்டது.

உன் மகளுக்குப் பிடித்த கார் விளையாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தாய். 2014-ல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை அவளுக்குத் தெரிந்திருக்கலாம். 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்களை நிறுத்திவிட்டார்கள். தனியாக விளையாடுவதற்கும் சர்வர் தேவைப்பட்டதால், வட்டு வாங்கிக் கையில் வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியவில்லை. அதிலிருந்துதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' (விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்து) இயக்கம் பிறந்தது. ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். என்றென்றைக்கும் சர்வர் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களாகவே விளையாடிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். அவ்வளவுதான். அதுகூட முடியாது என்று நிறுவனங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

காசு போவதைவிட எனக்குப் பெரிய கவலை இன்னொன்று இருக்கிறது. மக்கள் ரசித்த கலை எல்லாம் எதனால் பிழைத்தது என்று யோசித்துப் பார். பிபிசி 1960-களிலும் 70-களிலும் 'டாக்டர் ஹூ' என்ற தன் தொலைக்காட்சித் தொடரின் பல பகுதிகளைப் பதிவு நாடாக்களிலிருந்து அழித்துவிட்டது. மறுபடியும் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம்தான். ஆனால் அழிந்த ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இன்று இருக்கிறது. ரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள்! பிற நாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய படச்சுருள்களும் பல பகுதிகளை மீட்டுக் கொடுத்தன. 2013-ல் நைஜீரியாவில் கிடைத்தவை மட்டுமே 9. உரிமையாளர் கைவிட்டதை, பிரதி வைத்திருந்தவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். ஏடு ஏடாகப் படியெடுத்து வைத்தவர்களால்தானே நம் பழைய நூல்களும் நம்மிடம் வந்து சேர்ந்தன?

பிரதிகள் பரவாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் வெளியான சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில், வெளிவந்த அதே வடிவில் பிழைத்தவை 14 சதவீதம் மட்டுமே என்று அங்குள்ள காங்கிரஸ் நூலகம் 2013-ல் கணக்குச் சொன்னது. அந்தப் படச்சுருள்கள் எளிதில் தீப்பிடிப்பவை, மக்கிப்போகிறவை. போதாததற்கு, இனிமேல் வருமானம் இல்லை என்று நிறுவனங்களே பலவற்றை அழித்தன. இன்றைய தொடர்களும் விளையாட்டுகளும் நிறுவனத்தின் சர்வரில் மட்டுமே இருக்குமானால், அதே கதை இன்னும் வேகமாக நடக்கும். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று, பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் அமைப்பு 2023-ல் சொன்னது. அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்து காட்ட நூலகங்களை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அதுவும் மறுக்கப்பட்டது.

பூட்டு இல்லாவிட்டால் திருட்டுப் பிரதிகள் பெருகும், கலைஞர்கள் வயிற்றில் அடிப்பதாகும் என்று நீ சொல்லக்கூடும். கலைஞனுக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் ஆப்பிளின் இணைய இசைக்கடையான ஐடியூன்ஸ் 2009-ல் தன் பாடல்களிலிருந்து பூட்டை நீக்கியது, இசைத்துறை அதனால் அழிந்துவிடவில்லை. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில்தான் வீட்டு வீடியோ பதிவுக் கருவியை அனுமதித்தது. அதைத் தடுக்கப் பாடுபட்ட திரைத்துறை, பிறகு வீடியோ கேசட்டில் ஏகப்பட்ட பணம் பார்த்தது.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்யக் கூடாது. நல்ல தொடக்கம், ஆனால் போதாது. ஏமாற்றாமல் சொல்லிவிட்டுப் பறித்தாலும் பறித்தது பறித்ததுதான். விற்பதை நிறுத்தினால் பூட்டில்லாத ஒரு பிரதியைக் கொடு, இல்லையென்றால் முழுப் பணத்தையும் கொடு. நூலகங்கள் பாதுகாப்புக்காகப் பிரதி எடுப்பதைத் தடுக்காதே. இந்த இரண்டும் சட்டமாக வரும்வரை நான் இதைப் பேசிக்கொண்டேதான் இருப்பேன்.

அப்புறம், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பொறுப்பைப் பிள்ளைகள் மேலோ பெற்றோர் மேலோ போடாமல் நிறுவனங்கள் மேல் போட்டிருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. வயதை நிரூபிக்க எல்லாரும் அடையாளத்தைக் கொடுக்க வேண்டிய நிலை வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. உன் மகளுக்கு இப்போது அந்த வயதுதானே. அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுது. நம் இருவர் கருத்தையும்விட அவளுடையதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை.

அன்புடன்,
உன் நண்பன்