கழற்றிப் பூட்டுகிற மிக்ஸி

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய டிராயிங்கைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு மிக்ஸியை எடுத்துக்கொண்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருஷம் கோயம்புத்தூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்த்த உரிமையில் சில விஷயம் சொல்கிறேன்.

சோளத்திலிருந்து எடுக்கிற பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் பாடி செய்யலாம், மண்ணோடு மட்கிவிடும் என்று எழுதியிருந்தாய். அது ஒழுங்காக மட்க ஏறத்தாழ 60 டிகிரி சூடு வைத்த உரக்கூடம் வேண்டும். நம் ஊர்க் குப்பைமேட்டில் அப்படியே கிடக்கும். கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் அது இளகவும் ஆரம்பிக்கும். உளுந்து ஆட்டி முடித்த மிக்ஸியின் மோட்டார் எப்படிக் கொதிக்கும் என்று உனக்கே தெரியும்.

என்னைக் கேட்டால், இருபது வருஷம் ஓடுகிற மிக்ஸிதான் பூமிக்கு நல்லது. பழைய மாடல் ஒன்றைக் கவிழ்த்துத் திறந்து பார். சுழலுகிற மோட்டாருக்குள் கரண்டைக் கொண்டுபோகிற கார்பன் பிரஷ் தேய்வதற்கென்றே வைத்தது. தேயத் தேய ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முடிந்துபோனால் பொறி பறக்கும். புது பிரஷ் போட்டால் மறுபடி ஓடும். ஜாருக்கு அடியில் மோட்டாரையும் பிளேடையும் இணைக்கிற கப்ளரும் அப்படித்தான். விரலி மஞ்சள் சிக்கி பிளேடு நின்றுவிட்டால் கப்ளரின் பல் உடையும், மோட்டார் தப்பித்துக்கொள்ளும். எது முதலில் போகலாம், எது போகவே கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

இப்போது வருகிற சில மாடலில் அடித்தட்டை நெம்பினாலே லாக் உடைகிறது. மோட்டார் நன்றாக இருந்தும், எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கஷ்டமாக இருக்கும். பிரான்சில் 2021-இல் போன், லேப்டாப், வாஷிங் மெஷினுக்கெல்லாம் ரிப்பேர் செய்ய எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மார்க் போட்டு, விற்கிற இடத்திலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். உன் மிக்ஸிக்கு நீயே அந்த மார்க்கைப் போட்டுப் பார்.

அப்புறம், உன் அமுச்சிப் பாட்டி. விரல் முட்டு வீங்கினதிலிருந்து ஒரு கையால் மூடியை அழுத்திக்கொண்டு மறுகையால் நாபைத் திருப்ப முடியவில்லை. இடது முழங்கையை மூடிமேல் ஊன்றி, நாபில் ஈரத்துணியைச் சுற்றித் திருப்புகிறார். போன வாரம்தான் கவனித்தேன். கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்கிறார். நீ கேள்வித்தாள் நீட்டினாலும் இதே பதில்தான் வரும். அதனால் அகமதாபாத்தில் தெரிந்த வீடுகளுக்குச் சமைக்கிற நேரத்தில் போய், பேசாமல் அவர்கள் கையைப் பார்.

ஜெய்ப்பூர் கால் நினைவிருக்கிறதா? வெளிநாட்டு மாதிரிச் செயற்கைக் காலுக்கு ஷூ வேண்டும், அதை வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. போட்டுக்கொண்டவர்களே கழற்றி வைத்துவிட்டார்கள். டாக்டர் சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் 1968 வாக்கில் சேர்ந்து செய்த ரப்பர் காலில் வெறுங்காலாகச் சேற்று வயலில் நடக்கலாம், சம்மணம் போடலாம். மனிதர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று பார்த்துச் செய்த கால் அது. சர்மா மாதிரி ஆட்களும் உன் கூட வேலை செய்யட்டும். ஸ்குரூவை எங்கே வைப்பது என்று ரிப்பேர் கடைக்காரனிடமும் கேள்.

உடைந்த கப்ளர், தேய்ந்த பிரஷ், நெம்பி உடைந்த அடித்தட்டு எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு, அம்மா சுட்ட முறுக்கோடு அனுப்புகிறேன். எது எப்படிப் போச்சு என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன். அடுத்த டிராயிங்கில் அடித்தட்டின் உள்பக்கத்தையும் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா