எடின்பரோவிலிருந்து அப்பாவுக்கு

எடின்பரோ,
டிசம்பர் மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் பாட்டியும் நலமென நம்புகிறேன். இங்கே பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் பொழுது அடைந்துவிடுகிறது. குளிர் பழகிவிட்டது, இருட்டு இன்னும் பழகவில்லை.

ஆசாரிப்பள்ளத்தில் எம்.பி.பி.எஸ். முடித்தவள் நோயாளியைத் தொடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். நான் படிப்பது உயிர்த்தகவலியல்; மரபணுத் தகவல்களைக் கணினியின் துணையோடு ஆராயும் துறை அது. மனிதனின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன; எழுத்து என்பது டி.என்.ஏ. இழையில் வரிசையாக நிற்கும் நான்கு வகை வேதிப்பொருள்களில் ஒன்றைக் குறிப்பது. இங்கே நாங்கள் பயன்படுத்தும் கருவிகள் அவற்றைச் சுமார் 150 எழுத்துகள் கொண்ட துண்டுகளாகவே படித்துத் தருகின்றன. அத்துண்டுகள் ஒவ்வொன்றும், ஒப்பிடுவதற்கென வைத்துள்ள பொதுவான தொகுதியில் எங்கே பொருந்தும் என்று பார்த்து, எழுத்து மாறிய இடங்களையும் விடுபட்ட இடங்களையும் கண்டறிந்து, அந்த மாற்றம் நோய் தருமா என்று தீர்மானிப்பதுவரை உயிர்த்தகவலியலின் வேலை. முதல் இரண்டையும் கணினி செய்துவிடும். தீர்மானிக்கும் இடத்தில்தான் மருத்துவம் படித்தவரின் தேவை இருக்கிறது, அப்பா.

ஒரு மாற்றம் நலமாயுள்ள பலரிடமும் காணப்பட்டால், அது கொடிய நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால், ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்துவைத்துள்ள தொகுதிகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது; அதனால் நம்மவரிடம் சாதாரணமாக உள்ள மாற்றம்கூட இங்கே அபூர்வமாகத் தோன்றிவிடுகிறது. மரபணு, உடல்நலத் தகவல்களைச் சேர்த்துவைக்கும் பிரிட்டனின் யூகே பயோபேங்கில் மட்டும் 5 லட்சம் பேர் இருக்கிறார்கள். நம் நாட்டின் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் தொகுதிகளைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நல்ல தொடக்கம்தான், ஆனால் போதாது என்றே சொல்வேன்.

இதய நோய்க்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இதயத் தசைக்கான புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இதயத் தசை நோயுடன் தொடர்புடையது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம் அது இருக்கிறது. தெற்காசியாவுக்கு வெளியே மிக அரிது. இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. யாருக்கு வரும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கின்றன. ஐரோப்பியரை மட்டுமே ஆராய்ந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே செய்யாது.

இதைப் படித்தபோது பெரியப்பாவின் நினைவுதான் வந்தது. அவருக்கு இருந்தது இதுதான் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் உங்களிடம் ஓர் உதவி வேண்டும். குழித்துறை அத்தையிடம் கேட்டு, தாத்தா வழியில் மூச்சுத்திணறலாலோ நெஞ்சு வலியாலோ திடீரென்று இறந்தவர்கள் யார், அப்போது வயதென்ன, அவர்களுடைய பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்களா என்பதை எழுதி அனுப்புங்கள். அதற்குக் காத்திராமல் நீங்களும் சித்தப்பாவும் இந்த மாதமே நாகர்கோவில் சென்று எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். முடிவைப் படம் பிடித்து அனுப்பினால் போதும்.

அன்பு மகள்