ஃபார்மட் செய்யும் முன் பதிவேட்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தக்கலையில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் நம் மாவட்டத்தில், ஆனியிலும் ஐப்பசியிலும் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும் நாட்களில், கோப்புகளைக் காணவில்லை என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வருவோர் அதிகம். நாங்களும் மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல், 'கரன்ட் போனதுதான் காரணம்' என்று சொல்லி, வட்டை ஃபார்மட் செய்து, இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தில் உள்ள கேட்டைப் பற்றியே இக்கடிதம்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவரின், லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினி, கணக்குகளைத் திறந்து காட்டுமே தவிர புதிதாக ஒன்றையும் சேமிக்க விடாத நிலையில் என்னிடம் வந்தது. அது கோளாறன்று, காவல் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று லினக்ஸில் அட்டவணையிட்டு வைக்கும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை, தன் அட்டவணைகளில் முரண்பாட்டைக் கண்டால், சேதம் பரவாமல் தடுக்க வட்டைப் 'படிக்க மட்டும்' என்ற நிலைக்கு மாற்றிக்கொள்ளும்படி பல கணினிகளில் அமைக்கப்பட்டிருக்கும்; எந்த இடத்தில் என்ன முரண்பாடு என்பதையும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவைக்கும். நான் அந்த வரியைப் படிக்காமலே ஃபார்மட் செய்தேன். இரண்டு மாதம் கழித்து அதே கணினி அதே குறையோடு திரும்பி வந்தபோதும் அதையே செய்தேன். இம்முறை ஏற்றியது புதிய பதிப்பு. அதன்பின் தொல்லை இல்லை. ஆனால் அது கெர்னலின் பிழையா, வட்டின் குறையா, ரேமின் குறையா என்று நிறுவ என்னிடம் ஒரு தடயமும் இல்லை. இருந்ததை இருமுறை என் கையாலேயே அழித்திருந்தேன்.

மின்தடையை மட்டும் குறை சொல்வது எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு 2009-ஆம் ஆண்டு நடந்ததே சான்று. அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த எக்ஸ்ட்4-இல், கணினி திடீரென்று நின்று மீண்டும் எழும்போது பல கோப்புகள் பூஜ்ய அளவில் வெறுமையாகக் கிடப்பதாக உபுண்டு என்ற வழங்கலின் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வெளியீடுகளில் ஒன்று) பயனர்கள் முறையாகத் தெரிவித்தார்கள். அதற்கு முந்தைய கோப்பு முறைமையான எக்ஸ்ட்3 ஏறக்குறைய 5 நொடிக்கு ஒருமுறை எழுதி முடித்துவிடும். புதியதோ வேகத்துக்காக வட்டில் இடம் ஒதுக்குவதையே 30 நொடி வரையிலும், சில வேளை அதற்கு மேலும் தள்ளிப்போட்டது. தரவு வட்டில் சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளாத செயலிகளின் கோப்புகள் அந்த இடைவெளியில் சிக்கிக்கொண்டன. எக்ஸ்ட்4-ஐப் பராமரித்துவந்த தியோடர் சோ, உறுதி செய்துகொள்ள வேண்டியது செயலிகளின் கடமையே என்று விளக்கியபோதும், பழைய கோப்பின் மீது புதிய கோப்பைப் பெயர்மாற்றி வைக்கும் வழக்கமான முறைக்குப் பாதுகாப்புத் தரும் திருத்தங்கள் கெர்னலின் 2.6.30 பதிப்பில் சேர்க்கப்பட்டன. பயனர்கள் மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஓய்ந்திருந்தால் அத்திருத்தங்கள் எப்போது வந்திருக்குமோ! கோப்பு முறைமைகளைச் சோதிப்போர் மின்தடையை மென்பொருளால் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கிறார்கள்; நமக்கோ சாரல் மழை அந்தச் சோதனையை இலவசமாகவே நடத்தித் தருகிறது, விடைத்தாளை மட்டும் நாம் கிழித்துப் போடுகிறோம்.

நிலையான பதிப்பு என்று பெயர் பெற்றவற்றிலும் பிழை நுழையும். 2023 டிசம்பரில், ஒரு திருத்தம் அதற்குத் துணையான இன்னொரு திருத்தம் இல்லாமல் 6.1.64 கெர்னலுக்குள் கொண்டுவரப்பட்டதால் எக்ஸ்ட்4-இல் தரவு சிதையும் நிலை ஏற்பட்டது. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் தன் 12.3 வெளியீட்டை நிறுத்திவைத்து, சரிசெய்த கெர்னலுடன் டிசம்பர் 10 அன்று 12.4-ஐ வெளியிட்டது.

ஆகவே, என் தொழில் செய்வோர் முதலில் வன்பொருளைச் சோதித்துவிட வேண்டும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் கணினிகளில், உப்புக்காற்றால் கறுத்த ரேம் முனைகளை அழிப்பானால் தேய்த்ததும் கோளாறு மறைந்துவிட்டதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். அதைக் கெர்னல் பிழை என்று தெரிவித்தால் பிறர் நேரம்தான் வீணாகும். வன்பொருள் சரியென்றால், வட்டைப் பழுதுபார்க்கும் கட்டளையை உடனே ஏவாமல், எதையும் மாற்றாமல் சோதிக்க மட்டும் செய்யும் முறையில் அதை ஓட்டி, வெளியீட்டையும் கெர்னல் பதிவேட்டையும் கெர்னலின் துல்லியமான பதிப்பு எண்ணையும் தனியே எடுத்துவைக்க வேண்டும். கணக்கு வழக்கு வெளியே போய்விடும் என்று வியாபாரிகள் அஞ்சுவது நியாயமே. ஆனால் இ2இமேஜ் என்ற கருவி கோப்புகளின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு அட்டவணைகளை மட்டும் நகலெடுக்கிறது. கோப்புகளின் பெயர்களைக்கூட உருத்தெரியாமல் கலைத்துவிடும் வசதி அதில் உண்டு. இவற்றோடு, என்ன செய்தபோது பிழை வந்தது, மறுபடி அதையே செய்தால் வருகிறதா என்பதை நான்கு எளிய ஆங்கில வாக்கியங்களில் எழுதி, பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கல், பயனர்கள் பிழைகளைத் தெரிவிப்பதற்காக இணையத்தில் வைத்திருக்கும் பிழைப் பதிவகத்தில் சேர்த்தால் போதும். 'என் கணினி கெட்டுவிட்டது' என்ற ஒற்றை வரியால் எவருக்கும் பயனில்லை.

எந்தப் பதிப்பில் நன்றாக இருந்தது, எதில் கெட்டது என்று தெரிந்தால் இன்னும் நல்லது. இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் 'கிட் பைசெக்ட்' முறையில், 10,000 மாற்றங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தவறான மாற்றத்தை ஏறத்தாழ 14 சோதனைகளில் பிடித்துவிடலாம். ஒவ்வொரு சோதனைக்கும் கெர்னலைப் புதிதாகத் தொகுக்க வேண்டியிருப்பதால் என் போன்ற கடைக்காரருக்கு அதற்கு நேரமிராது. ஆனால் நம் மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் கணினிக் கூடங்கள் மாலை நான்கு மணிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன. இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக வெளியே விலைக்கு வாங்கிய நிரலைச் சமர்ப்பிக்கும் மாணவர்களையும் நான் அறிவேன். அதற்குப் பதிலாக, உண்மையான ஒரு பிழையை மீண்டும் வரவழைத்து, காரணமான மாற்றத்தைக் கண்டறிந்து, பராமரிப்பாளர் ஏற்கும் வகையில் அறிக்கை எழுதுவதையே திட்டப்பணியாக ஏற்கும்படி கல்லூரி நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கோளாறுள்ள கணினிகளின் பதிவேடுகளை, உரிமையாளர்களின் ஒப்புதலோடு மாணவர்களுக்குத் தர என்னைப் போன்ற கடைக்காரர்கள் முன்வருவார்கள். இந்த மழைக்காலத்தில் என் கடைக்கு வந்த மூன்று கணினிகளின் பதிவேடுகளை இப்போதே எடுத்துவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.