கூடைப்பந்தும் மாதச் சம்பளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை டயானா டோராசியின் ஓய்வு பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் பாடசாலை வலைப்பந்தாட்ட அணிப் பிள்ளைகள் வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஆறு ஒலிம்பிக் தங்கம், ஒரே கழகமான பீனிக்ஸ் மேர்க்குரியில் 20 பருவங்கள், பத்தாயிரத்தைத் தாண்டிய புள்ளிகள். ஒட்டவேண்டிய கட்டுரைதான். ஆனால் மலையகச் சிறுமிகளும் ஒருநாள் அமெரிக்காவில் ஆடலாம் என்று கடைசிப் பந்தியில் எழுதியிருந்தீர்களே, அதில்தான் எனக்குச் சண்டை.

அதே டோராசி 2015இல் அமெரிக்கப் பருவம் முழுவதும் ஆடவில்லை. காயம் எதுவும் இல்லை. குளிர்காலத்தில் அவர் ஆடிவந்த ரஷ்யாவின் எக்கத்தரீன்பேர்க் கழகம், கோடையில் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லிப் பணம் கொடுத்தது. அங்கே அவருக்குச் சுமார் 15 இலட்சம் டொலர், சொந்த நாட்டு லீக்கில் ஓர் இலட்சத்துக்குச் சற்று மேல். இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரி பிரிட்னி கிரைனர் 2022 பெப்ரவரியில் மொஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டு டிசம்பர் வரை அடைபட்டுக் கிடந்ததும் இதே கழகத்துக்கு ஆடப் போன பயணத்தில்தான். 2024இல் அமெரிக்க லீக்கின் புதுமுகத் தெரிவில் முதலாவதாகத் தெரிவான கெய்ட்லின் கிளார்க்குக்கு லீக் கொடுத்த முதல் வருடச் சம்பளம் 76 ஆயிரம் டொலர் சொச்சம். நமக்கு அது பெரிய காசு, அமெரிக்காவில் அப்படி ஒன்றும் இல்லை. 2025இல் அந்த லீக்கில் இருந்தவை 13 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். கூட்டிப் பார்த்தால் 156 இடம். அதற்கு உலகமே வரிசையில் நிற்கிறது.

கேரளத்துக் கீத்து அன்னா ஜோஸ் இந்தியாவின் பெரிய ஆட்டக்காரி. அவுஸ்திரேலியாவில் ரிங்வூட் கழகத்துக்கு ஆடியவர். 2011இல் மூன்று அமெரிக்க அணிகளின் தேர்வுக்குப் போய்ப் பார்த்தார், இடம் கிடைக்கவில்லை. அதனால் அவர் வாழ்க்கை கெட்டுப்போனதா? இல்லை, தென்னக இரயில்வேயில் அவருக்கு வேலை இருந்தது. சென்னைக்கார அனிதா பால்துரையும் அதே இரயில்வேதான். 19 வயதில் இந்திய அணியின் தலைவி, 2021இல் பத்மஸ்ரீ. நம் இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கமும் ஒரு வங்கியின் அணிக்கு ஆடியவரே. (அவருக்கு 208 சென்ரிமீற்றர் உயரம், நமக்கு எங்கே என்று உடனே சொல்லாதீர்கள். வங்கி அணியில் மற்ற ஆறு பேரும் சாதாரண உயரக்காரர்கள்தான்.) பெண் விளையாட்டு வீராங்கனையின் தொழில் வாழ்க்கை நம் பக்கத்தில் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. பந்து வேலையை வாங்கித் தருகிறது, வேலை பந்தைக் காப்பாற்றுகிறது. இதை எழுதுங்கள் என்கிறேன்.

எங்கள் அணியில் நன்றாக எறியக்கூடிய பிள்ளை ஒருத்தி இருந்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கட்டுநாயக்கவுக்கு, ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். போகுமுன் அவர்கள் குடியிருக்கும் தோட்ட லயத்துக்குப் போய் அவளுடைய அம்மாவிடம் பேசினேன். "பந்து விளையாண்டா பேர் விழுமா டீச்சர்?" என்று கேட்டார். பேர் விழுவது என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் பதிவாவது. நியாயமான கேள்வி. விமானப்படை, இராணுவம், பொலிஸ் எல்லாவற்றுக்கும் பெண்கள் அணி உண்டு, வர்த்தக நிறுவனப் போட்டிகளுக்காக வங்கிகளும் கம்பனிகளும் ஆட்களை எடுக்கின்றன என்றெல்லாம் சொன்னேன். இராணுவம் என்றதும் முகம் மாறியது, அது அவரவர் முடிவு. மற்றதற்குக் காட்ட என் கையில் ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை.

அப்புறம் இடப் பிரச்சினை. கூடைப்பந்து மைதானத்துக்கு 28க்கு 15 மீற்றர் சமதரை வேண்டும். தோட்டத்தில் அவ்வளவு சமதரை கிடைத்தால் அது ஏற்கெனவே பையன்களின் கிரிக்கெட் பிட்ச் ஆகியிருக்கும். அதனால்தான் டவுன் பாடசாலைகளைத் தாண்டி இந்த ஆட்டம் ஏறி வரவில்லை. அணிக்கு மூன்று பேர் ஆடும் மூவர் கூடைப்பந்து ஆட்டத்துக்கோ ஒரே ஒரு கம்பம், 15க்கு 11 மீற்றர், பத்து நிமிடம் போதும். யாராவது 21 புள்ளி எடுத்துவிட்டால் அதற்கு முன்பே முடிந்துவிடும். 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டியில் இலங்கைப் பெண்கள் அணி ஆடியது இதைத்தான். எத்தனையோ தோட்டங்களில், வேலைக்கு ஆட்களைக் கூட்டும் பிரட்டுக்களம் காலையில் ஆட்கள் கலைந்த பிறகு பொழுது சாயும்வரை சும்மா கிடக்கிறது. கொங்கிரீட் போட்டால் பாசி பிடிக்கும், மழை மாதங்களில் தேய்த்துக் கழுவ ஆள் வேண்டும், சரி. அதைப் பிள்ளைகளே செய்வார்கள். வலைப்பந்தில் பந்தை வாங்கியதும் நின்று பழகியவர்கள் தட்டிக்கொண்டே ஓடப் பழக ஒரு பருவம் ஆகும். வளையத்தின் உயரம் இரண்டிலும் அதே 3.05 மீற்றர். எறியும் கை வீணாகாது.

தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கவேண்டியதை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். உங்களிடம் கேட்பது வேறு. படைகளும் பொலிஸும் வங்கிகளும் விளையாட்டு வீராங்கனைகளை எடுக்க அறிவித்தல் விடும்போது, வயது, கல்வித் தகைமை, எந்த மட்டத்தில் ஆடியிருக்கவேண்டும் என்ற விபரங்களோடு அதைத் தமிழில் விளையாட்டுப் பக்கத்திலேயே போடுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு வாரமாவது முன்பு வரட்டும். கிராம சேவகர் சான்றிதழும் பாடசாலைக் கடிதமும் எடுக்க எங்கள் பக்கத்தில் அவ்வளவு நாள் ஆகும்.

இப்படிக்கு,
வலைப்பந்தாட்டப் பொறுப்பாசிரியை ஒருவர்,
தலவாக்கலை.