திரை இருண்டவுடன் மதர்போட்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுவிட்சை அழுத்தினால் லப்டொப்பில் விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. இப்படித் திருத்தக் கொண்டு போகிறவர்களிடம் எந்தச் சோதனையும் செய்யாமல் "மதர்போட் போயிட்டுது", அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பிரதான மின்பலகை பழுது என்று சொல்லிவிடுவதுண்டு. பல்கலைக்கழகத்துக்கோ உயர்தரப் படிப்புக்கோ கடன்பட்டு வாங்கிய இயந்திரமாக இருந்தால் அந்த ஒரு சொல் வீட்டையே உலுக்கிவிடும். பழுது எந்தப் பக்கம் என்பதை ஒரு திருகாணியும் கழற்றாமல் வீட்டிலேயே பார்க்கலாம்.

முதலில் சாஜரையும், வெளியே கழற்றக்கூடியதென்றால் பற்றறியையும், செருகியிருக்கும் பென் டிரைவ் போன்றவற்றையும் எடுத்துவிடுங்கள். சுவிட்சை 30 செக்கன் அழுத்திப் பிடித்தபின் சாஜரை மட்டும் போட்டு இயக்குங்கள். உள்ளே தேங்கிய மின்னேற்றம் வடிந்ததும் சில இயந்திரங்கள் அப்படியே வழிக்கு வந்துவிடும்.

வராவிட்டால் கப்ஸ் லொக்கைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் உள்ளே விழித்திருக்கிறது, பெரும்பாலும் குறை திரைப் பக்கம்தான். அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகவேனும் எழுத்துத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் இல்லை. அடுத்து எச்.டி.எம்.ஐ. வயரால் வீட்டு ரீவியில் இணையுங்கள். ரீவியில் படம் வந்தால் மதர்போட்டையும் றாமையும் (தற்காலிக நினைவகம்) பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டியதில்லை. மூடியை மெல்ல அசைக்கப் படம் வந்து வந்து போகிறதா? பெரும்பாலும் பிணைச்சலுக்குள்ளால் போகும் கேபிள்தான் நைந்திருக்கும், பனலை (திரைப் பலகையை) உடனே மாற்றத் தேவையில்லை. டெல் என்றால் 'டி' எழுத்தை அழுத்தியபடி சுவிட்சைப் போடுங்கள், திரை நிறம் நிறமாக மாறினால் பனல் நல்லது.

ரீவியும் கறுப்பாக இருந்தால் அடுத்துத் திருத்துநர் இயந்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டியது றாம். குருநகர், நாவாந்துறை, காரைநகர் போன்ற கடலோரப் பகுதிகளின் உப்புக் காற்றில் அதன் தொடுமுனைகளில் களிம்பு ஏறும். பென்சில் அழிறப்பரால் அந்த விளிம்பை மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, சாய்வாகச் செருகி, இரு பக்கக் கொளுக்கியும் 'கிளிக்' என்று பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். இரண்டு றாம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். டி.டி.ஆர். 5 என்ற புதிய வகை றாமை மாற்றியபின் முதல் தடவை படம் வரச் சில நிமிடங்கள்கூட எடுக்கலாம், அவசரப்பட்டு நிறுத்தக்கூடாது. புதிய டெல்களில் விளக்கு 2 தடவை செம்மஞ்சளாகவும் 3 தடவை வெள்ளையாகவும் மின்னினால் றாம் அகப்படவில்லை என்று பொருள்.

திருத்துநர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். றாமிலோ திரைக் கேபிளிலோ கை வைக்குமுன் உள்ளே இருக்கும் பற்றறியின் இணைப்பைக் கழற்றுங்கள். மின்னோட்டம் இருக்கக் கேபிளை இழுத்தால் பின்னொளிக்குப் போகும் பொடிப் பியூஸ் எரிந்துவிடலாம். பிறகு புதுப் பனல் போட்டாலும் இருட்டுத்தான். "பனல் மாற்றியும் சரிவரவில்லை, அப்போ மதர்போட்தான்" என்ற முடிவுக்கு இந்தச் சின்னப் பியூசே காரணமாகிவிடுகிறது. மல்ரிமீற்றரில் பார்த்தால் ஒரு நிமிட வேலை!

மதர்போட்டை மாற்றியே ஆக வேண்டுமென்றால் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் 48 இலக்க பிற்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புத் திறவுகோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 11 இயந்திரங்கள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது. போட் மாறியதும் அந்த எண்ணைக் கேட்கும், இல்லாவிட்டால் ஆய்வுக் கட்டுரையும் படங்களும் உள்ளேயே கிடந்துவிடும்.

கடைக்காரர்கள் ரீவிச் சோதனையை வாடிக்கையாளர் கண் முன்னே செய்து, கண்ட பழுதைப் பற்றுச்சீட்டில் எழுதி, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கணினித் திருத்துநர்,
யாழ்ப்பாணம்.